ஓமலூர்க் கிணற்றடிப் பலகை

இன்று காலை ஒரு ஜவுளிக்கடைப் போர்டுக்குப் பெயிண்ட் கலக்க ஆளிவிதை எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். வாசம் ஏறியதும் பெயிண்ட் கறை படிந்த உன் வேட்டி கண்முன் வந்து நின்றது. நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது.

நாம் கூட்டாகப் போர்டு எழுதிய காலத்தில், ஒரு கோடையில் ஓமலூர்ப் பக்கம் வாந்திபேதி வந்தது. கெட்டுப்போன கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று எழுதி வைக்கச் சொல்லி, சுகாதார அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார். பதினோரு வரி. ஒன்றையும் விடாமல், எல்லாம் ஒரே அளவில், முத்துக் கோத்ததுபோல நான் எழுதினேன். பலகையில் விரல் வைக்க இடமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால், பலகைக்கு அடியிலேயே ஒரு பெண் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். நீ ஓடிப்போய்த் தடுத்தாய்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி. ஏதோ ஏலம் உடற போர்டுன்னு நெனச்சனுங்க" என்றாள். முதல்நாள் அவள் பிள்ளைகள் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ என்னைக் கேட்காமலே பலகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாய். வெயிலில் காய்ந்ததும் நடுவில் கறுப்பாக ஒரு கவிழ்ந்த குடம் வரைந்தாய். அவ்வளவுதான். என் எழுத்து போன கோபத்தில், மீதி இடத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"சும்மா கெடக்கட்டும் மாப்ளே. சுத்தி வெறுசா இருந்தாத்தான் குடம் கண்ணுல படும்" என்றாய். பிறகு பிரஷை என்னிடம் நீட்டினாய். "குறுக்கால செவப்புக் கோடு நீ போடு. எனக்குக் கை நடுங்குது."

உனக்கு ஒருநாளும் கை நடுங்கியதில்லை. அது எனக்கும் தெரியும். வாங்கி ஒரே மூச்சில் இழுத்தேன்.

பலகையைப் பார்க்க வந்த அதிகாரி, உத்தரவு வாசகம் எங்கே என்று சத்தம் போட்டார். தாளை வேண்டுமானால் கீழே ஒட்டிக்கொள்ளலாம், இந்தப் பலகை தண்ணீர் மொள்ள வருகிறவர்களுக்கு என்று நீ பணிவாகச் சொன்னாய். அந்நேரம் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் தூரத்திலேயே நின்று பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு வேறு கிணற்றுப் பக்கம் திரும்பினார்கள். அதிகாரி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நீ என் தோளில் கைபோட்டுச் சிரித்தாய்.

இப்போதும் எந்தப் போர்டை முடித்தாலும் தெருக்கோடிக்குப் போய், எழுத்தே தெரியாதவனாக அதைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை நடந்து வருகிறேன். பக்கத்தில் ஓர் ஆள் வரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன்.