புதுக் குழாய் மேல் விழுந்த பழி

சித்திரை 9, செவ்வாய்

காலையிலேயே அனல். தங்கச்சி கன்னியம்மாவின் காரியம் முடிந்தது. பந்தல் பிரித்தாச்சு. வாடகைப் பாத்திரம் திருப்பித் தர வேண்டும்.

அவள் புருஷன் ஆறுமுகத்தை அம்மா இன்றும் வாசலோடு நிறுத்திவிட்டாள். அவள் பெற்றுவிட்டுப் போன பிள்ளையைக் காட்டவில்லை. "உன் புதுக் கொயாதான் எம் பொண்ண முழுங்கிச்சி" என்றாள். மாப்பிள்ளை தலை குனிந்தபடி போய்விட்டார்.

வாடகைக் கார் அவருடையது, ஓட்டுவது நான். மாசியில் மெட்ராஸிலிருந்து இன்ஜினுக்குக் காற்று வடிகட்டும் புது ஏர் பில்டர் வாங்கி மாட்டினார். அம்மா வாயில் அதுதான் 'கொயா', குழாய். இழுவை கூடுமாம். பழையது நீளக் குழாய் வழியாக முன்பக்கத்து வெளிக்காற்றை இழுக்கும். புதியது திறந்த வாய், சைலன்சர் குழாய் பக்கத்திலேயே, அந்தச் சூட்டைத்தான் இழுக்கும். கன்னியம்மாவைப் பிரசவ வலியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறந்ததும் வண்டி திக்கியது. தாமதம் அதனால்தானா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சித்திரை 10, புதன்

ஹைஸ்கூல் லேபில் தெர்மாமீட்டர் இரவல் வாங்கினேன். வாத்தியார் எதற்கென்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

சாலவாக்கம் ரோடு. உச்சி வெயில். பழைய பில்டரை ஒரு முறை, புதியதை ஒரு முறை மாட்டி, தெர்மாமீட்டரை அதன் வாயில் கட்டி, ஓட்டி நிறுத்தின கையோடு பானட்டைத் தூக்கிப் பார்த்தது:

வெளியே 38.
ஓட்டத்தில் பழையது 40, புதியது 43.
நின்றபடி இன்ஜின் ஓடும்போது பழையது 47, புதியது 64.

புதியதோடு நின்று கிளம்பியதும் திக்கல். அதே சத்தம். பின்சீட்டில் அவள் முனகுவது போல இருந்தது. ஏரிக்கரைக்கு முன்பே காற்று குளிர்ந்து வண்டி பழையபடி இழுத்தது. அவ்வளவுதான் தாமதம்.

சாப்பிடவில்லை.

சித்திரை 11, வியாழன்

ஆஸ்பத்திரி. அவள் புடவை, சொம்பு வாங்கி வந்தேன். நர்ஸம்மாவிடம் கேட்டேவிட்டேன். வழியில் போன கொஞ்ச நேரத்தால் ஒன்றுமில்லையாம். முந்தின ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளாம்.

முந்தின ராத்திரியே மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை வெளியே எடுத்துவிட்டார். மருத்துவச்சி பார்த்துக்குவா, விடியட்டும் என்று தடுத்தது அம்மா.

பஸ்ஸில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சித்திரை 12, வெள்ளி

புழுக்கம். மழை வரும்போல, வரவில்லை.

மாப்பிள்ளை புது பில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அத்தைகிட்ட சொல்லாத மச்சான். பயி கொயா மேலயே இருக்கட்டும். அவங்களால தாங்க முடியாது. புள்ளைய யாரு பாத்துக்குவா?"

பிள்ளையை உங்களுக்குக் காட்டவே மாட்டாளே என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் எப்போதோ போய்விட்டது.

சாயங்காலம் பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டே அம்மா கேட்டாள், "இன்னாடா, வண்டிய ஓட்டிப் பாத்தியே, அந்தக் கொயாதானே?"

ஆமாம் என்றேன்.