எல்லாருக்கும் நாற்பத்தொன்று

4-1-88, திங்கள்

முதலாளி பிரம்மநாயகம் அண்ணாச்சி இன்று கொதித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல்யாணத் தகவல் நிலையம் நாலு வருஷமாக அனுப்பிய பயோடேட்டாக்களைச் சயானில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினார்களாம். நாலிலும் அதே பெண். நாலிலும் வயது இருபத்தாறு.

"பொண்ணு மார்க்கண்டேயனுக்குத் தங்கச்சியா பிரம்மநாயகம்னு கேக்கான்" என்றார். "தை பொறக்கதுக்குள்ள அத்தனை பேருக்கும் ஒரு வயசு ஏத்து பிள்ளை. எல்லா வீட்டுக்கும் புதுக் காயிதம் போணும்."

மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு ஃபைல், கம்ப்யூட்டரில். அதைத் தீபாவளிக்கு நச்சரித்து வாங்க வைத்ததே நான்தான். அண்ணாச்சி அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஒரு தப்பு வரட்டும், பொட்டியை வித்துருவேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ." ஏழு வருஷ வேலை. மாட்டுங்காவில் இன்னொரு இடம் யார் தருவார்?

318-இல் ஒருத்தி நான். பெண்களுக்குப் பெயர் போடமாட்டோம், எண் மட்டும்தான். எஃப்-117. தனியார் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், வயது 28. மூன்று வருஷமாக 28. அம்மா சொல்லி நானே அடித்தது. நிஜத்தில் முப்பத்துமூன்று. மார்க்கண்டேயனுக்கு இன்னொரு தங்கச்சி!

6-1-88

வருகிறவர் போகிறவரைக் கவனித்துக்கொண்டு கையால் மாற்றினால் பத்து நாள் ஆகும். மேனுவலில் மேக்ரோ என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. நான் அழுத்துகிற விசைகளை மெஷின் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுமாம். பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் அதுவே செய்யுமாம். ஃபைலைத் திற, வயது 20 என்றிருந்தால் 21 ஆக்கு, 21-ஐ 22 ஆக்கு, இப்படியே 40-ஐ 41 ஆக்கு, சேமி, அச்சடி, அடுத்த ஃபைலுக்குப் போ.

வீடு இருக்கிற சுனாபட்டி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை இதே நினைப்பு. சந்திரலேகா, நீ கெட்டிக்காரிதான்.

9-1-88, சனி

ஓடுகிறது. நான் கை வைக்காமலே ஓடுகிறது!

முதல் ஃபைலை மட்டும் திறந்து பார்த்தேன். இரண்டாம் தாரம் தேடுகிற ஒருவர், வயது 40. 41 ஆகியிருந்தது. பக்கா. பிரிண்டரைக் கறகறவென்று விட்டுவிட்டு, நிம்மதியாக இட்லி சாப்பிடப் போனேன். கவரில் போட்டு ஒட்டியது வெயிலுமுத்து அண்ணன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சாயங்காலமே எல்லாக் கவரும் தபாலில் போய்விட்டது.

"இந்தப் பொட்டி மனுசப் பய செய்யாததைச் செய்யுதே" என்றார் அண்ணாச்சி. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

12-1-88, செவ்வாய்

காலை ஒன்பது மணியிலிருந்து போன்.

"எம் மகளுக்கு நாப்பத்தொண்ணா? எனக்கே நாப்பத்தெட்டுதான் அம்மா ஆவுது." இது செம்பூரிலிருந்து ஒரு அம்மாள். தாராவியிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து மேஜையைத் தட்டினார். அவர் மகன் படிப்பை முடித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. அவனுக்கும் நாற்பத்தொன்று.

எல்லாருக்கும் நாற்பத்தொன்று.

சிரித்தது ஒரே ஒருவர். விக்ரோலியில் ஏதோ ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனாம், எம்-204, கணேசபாண்டியன். "ஒரே நாள்ல பத்து வயசு கூட்டிட்டியளே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். சிரிக்கிற நேரமா இது?

திங்கட்கிழமை பெட்டியை விலைக்குப் பார்க்க அண்ணாச்சி ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கிறார் என்று வெயிலுமுத்து அண்ணன் சொன்னார்.

13-1-88

கண்டுபிடித்துவிட்டேன். எத்தனை மடத்தனம். 20 இருபத்தொன்று ஆனதும், அடுத்த கட்டளை அதே 21-ஐப் பிடித்து 22 ஆக்கியிருக்கிறது. அப்புறம் 23, 24... ஒருத்தரையும் விடாமல் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. மேலேயிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும், 40-இல் தொடங்கி.

பழைய வயது? போச்சு. எல்லாம் அதன் மேலேயே சேமித்தாகிவிட்டது. நகல் எடுத்து வைத்தாயாடி? இல்லை. பழைய காகிதங்கள்? கடலைக் கடைக்குப் போயாச்சு. பதியும்போது ஜாதகத்தை மட்டும்தான் வாங்கி வைப்போம், மற்றதெல்லாம் வாய்ச்சொல்தான்.

ஜாதகம்!

14-1-88

அண்ணாச்சியிடம் சொன்னேன்: பீரோவில் 318 ஜாதகம் இருக்கிறது, எல்லாவற்றிலும் பிறந்த தேதி இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் முடித்துக் காட்டுகிறேன்.

"உள்ளதைப் போட்டா எவன் பிள்ளை வருவான்" என்றார்.

"பழைய வயசு உங்களுக்கு ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க அண்ணாச்சி, அதையே போடுதேன்."

அவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை. 318 பொய்யை யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்? உண்மை மட்டும்தான் பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

15-1-88

பொங்கல். பால் பொங்கியது. மற்றபடி பொங்க வேண்டியதெல்லாம் செவ்வாயன்றே பொங்கிவிட்டது.

17-1-88, ஞாயிறு

முடிந்தது. பெண்கள் இரண்டு மூன்று வயது குறைத்தால் ஆண்கள் நாலு ஐந்து குறைத்திருப்பார்கள் போல. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த எம்-204-க்கு முப்பத்தைந்தாம்.

எஃப்-117-ஐக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். 29 என்று அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அடித்தேன். அழித்தேன். முந்நூற்றுப் பதினேழு பேருக்கு உள்ளதைப் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் என்ன? பயமாகத்தான் இருந்தது. 33 என்று அடித்துச் சேமித்தேன்.

18-1-88

ஆள் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான். கட்டிவைத்த கவர்களை அண்ணாச்சி ஒரு தடவை பார்த்தார். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு மாசம் போவட்டும். இதுக்கு என்ன பதில் வருதுன்னு பாப்பம்" என்று அனுப்பிவிட்டார். ஒரு மாசம் தவணை, பெட்டிக்கும் எனக்கும்.

20-1-88

அம்மா இன்று என்னிடம் பேசியது இவ்வளவுதான்: "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? முப்பத்திமூணுன்னு ஊரெல்லாம் தபால் போட்டுருக்கே."

25-1-88

எம்-204 நேரில் வந்தார். கையில் ஒரு காகிதம்: 40-இலிருந்து 20 வரை, மேலிருந்து கீழாக எழுதியிருந்தது.

"இப்பிடி எறங்கி வந்திருக்கணும்" என்றார்.

"அது எனக்குப் பொங்கலுக்கு முன்னாலயே தெரியும்" என்றேன்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் அசடு வழிந்தது. "அம்மா எனக்கு முப்பத்தொண்ணுன்னுல்ல சொல்லியிருந்தா. நீங்க முப்பத்தஞ்சுன்னு போட்டுட்டிய."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, ஜாதகத்தை எடுக்கப் போனேன்.

"வேண்டாம், அது சரிதான். இந்த எஃப்-117 விஷயமா வந்தேன். முன்னால 28-ன்னு இருந்திச்சு, ஏழு வயசு வித்தியாசம்னு நாந்தான் வேண்டாம்னேன். இப்ப 33-ன்னு இருக்கு. அவங்க வீட்டுல வந்து பாக்கலாமான்னு கேட்டுச் சொல்லுவியளா?"

"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

யாரைக் கேட்க?

28-1-88

போன் செய்தேன். "கேட்டாச்சு. வரச் சொன்னாங்க."

22-2-88

ஒன்பது வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். புதிதாகப் பதிந்தவர்கள் இருபத்திரண்டு. அந்தச் சயான் வீட்டுக்காரரே தம்பி பையனைக் கூட்டிவந்து, "இங்கதான் வயசு வயசா இருக்கு" என்றார். பெட்டியை வாங்க அந்த ஆள் மறுபடி வந்தபோது, அண்ணாச்சி டீகூட வாங்கித் தரவில்லை.

20-4-88, புதன்

நிச்சயமானவர்களின் ஃபைலை அழித்துவிட வேண்டும் என்பது நிலையத்து வழக்கம். "மேக்ரோ போட்டு ஜல்தியா அழிச்சிட்டுக் கெளம்பு பிள்ளை, அங்க உங்கம்மா தாம்பூலத்தட்டோட காத்துக் கெடப்பா" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டுதான் அண்ணாச்சி. கையாலயே செய்யுதேன்."

எம்-204-ஐ முதலில் அழித்தேன். பிறகு எஃப்-117-ஐத் திறந்தேன். வயது 33 என்று இருந்தது. போன வாரம்தான் எனக்குப் பிறந்தநாள் போனது. இனி யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் 34 என்று மாற்றி, சேமித்து, அதன் பிறகுதான் அழித்தேன்.