செத்ததையும் எழுத வேண்டும்

ஏப்ரல் 21, திங்கள்
காலையில் மூடுபனி. கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து நேற்று மாலை மலைக்கு, வீட்டுக்கு வந்தேன். அங்கே மூன்று வாரம் பவளப்பாறைக் கணக்கெடுப்புப் பயிற்சி. முக்குளிப்பில் தேறிவிட்டேன். காது அடைக்கவில்லை, மூச்சு சரி. கணக்கில்தான் தோல்வி. கடலடியில் டேப் விரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி. அதற்கு நேர் கீழே இருப்பதைப் பலகையில் எழுத வேண்டும், அவ்வளவுதான். என் பலகையில் மட்டும் உயிருள்ள பவளம் எக்கச்சக்கம். ஏனென்று புரியவில்லை.

பயிற்சி தரும் மேடம், "வெள்ளிக்கிழமை கடலடி வீடியோ அனுப்புறேன், பாத்து எண்ணி அனுப்பு. அதுலயும் தப்பா வந்தா டீம்ல சேர்க்க முடியாதும்மா" என்றார். ஊரே என்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஏப். 22
வாங்க: ரீசார்ஜ், பென்சில், அம்மாவுக்குத் தைலம்.

குத்தகைக்காரர் கேட்டதால் அப்பாவோடு மிளகுக் கொடி எண்ணினேன். ஒரு மரத்தில் கொடி காய்ந்து தொங்கியது. "இதுங்கப்பா?"

"காஞ்சதை எதுக்குக் கண்ணு எண்ணிக்கிட்டு? பக்கத்து மரத்துக்கு வா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடலிலும் இதைத்தான் செய்திருக்கிறேன். புள்ளிக்குக் கீழே செத்த பவளம் வந்தால் கண் தானாகப் பக்கத்தில் உயிரோடு இருப்பதற்குப் போயிருக்கிறது. மூன்று வாரமாக!

ஏப். 24
மரவள்ளிக் காட்டில் முடிச்சுப் போட்ட கயிறு கட்டிப் பயிற்சி. முடிச்சுக்கு முடிச்சு: கல், மண், இலை, செத்தது, செத்தது. சத்தமாகச் சொன்னால்தான் கை எழுதுகிறது.

அம்மா: "ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுன்னு பாருங்க."

அப்பா: "படிக்கறா, உடு."



ஏப். 25, வெள்ளி
சோளக்காடு பஸ் நிறுத்தம். இங்கேதான் சிக்னல். வெயில், பலாப்பழ ஈ. வீடியோவை மூன்று முறை பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கிடந்ததையெல்லாம் செத்தது என்று எழுதி அனுப்பினேன். ஒன்றையும் விடவில்லை என்று பெருமை வேறு.

மேடம் போன். "வெளுத்ததெல்லாம் செத்ததுன்னு போட்டிருக்கியேம்மா. கடல் சூட்டுல வெளுத்திருக்கு, இன்னும் உயிர் இருக்கு. முதல் வாரமே சொன்னேனே."

சொன்னார்தான். நோட்டில் அடிக்கோடு கூட இருக்கிறது. பயத்தில் மறந்து தொலைத்தேன்.

"இன்னொரு தடவை மேடம். ஒரே தடவை."

"திங்கட்கிழமை படகு கிளம்புதும்மா." வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், ஏழு முறை. எடுக்கவில்லை.

பழக்கடை அக்கா, "ஏஞ்சாமி அழுவுற? இந்தா, தண்ணி குடி" என்றாள்.

ஏப். 26
மழை. பை கட்டியாயிற்று. முக்குளிப்பு முகமூடி, பலகை, இரண்டு சுடிதார். நாளை முதல் பஸ். படகில் ஏற்றாவிட்டால் கரையில் நிற்பேன், வேறென்ன செய்ய.

"கூப்பிட்டாங்களா கண்ணு?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா" என்றேன். யாரும் கூப்பிடவில்லை.