பெயர் தெரியாத பதினொரு பேர்

அன்புள்ள பேர்ணடெற்,

உமது முழங்கால் நோவு குறைந்ததா? மாமி சாப்பிடுகிறாவா? நான் சுகம்.

நேற்று பத்திரிகைக்குப் படம் எடுக்கையில் பனியில் சறுக்கி விழுந்தேன். பயப்படாதேயும்; முழங்கைதான் உரசியது, கமரா தப்பிவிட்டது. சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில், வீதியில் ரயில் போல ஓடும் ஸ்ரீற்காருக்குக் குறுக்கே ஒரு கார் பனியில் புதைந்துவிட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை, பேர்ணடெற். பதினொரு பேர் தாங்களாகவே ஸ்ரீற்காரிலிருந்து இறங்கி அந்தக் காரைத் தள்ளினார்கள்! தலைப்பாகை கட்டிய கிழவர், தாதி உடுப்போடு ஒரு பெண்... எல்லாரையும் படத்துக்குள் அடக்கப் பின்னால் நகர்ந்து, எடுத்து முடிக்கவும்தான் விழுந்தேன். நான் எழும்பிப் பெயர் கேட்பதற்குள், கையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

ஆசிரியர் தியாகலிங்கம் அண்ணை, "படம் அந்தமாதிரி, நல்ல திறம்! ஆனா ஆக்களின்ர பெயர் இல்லாமல் போடேலாது" என்றார். அதுதான் எங்கள் பத்திரிகையின் சட்டம். படத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டேன். பார்க்கப் பார்க்க இன்னும் நம்ப முடியவில்லை.

அதன் பக்கத்தில் இடம் இருக்கிறது. என்னிடமுள்ள படங்களில் எல்லாம் நீர் நல்ல சீலையோடு விறைத்து நிற்கிறீர். நீர் மீன் வெட்டும்போது, உமக்குத் தெரியாமல் ஒன்று எடுத்து அனுப்பும்படி மகளிடம் சொல்லும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உமது படத்துக்குப் பெயர் தேவையில்லை.

உமது,
பஸ்ரியன்