இன்ஜினைச் செய்தவள் எழுதுவது

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நாலு மணிக்கு உங்கள் மேனேஜர் பிள்ளைகளோடு வருகிறார், தோட்டத்தில் நம் குட்டி நீராவி ரயில் ஓடுவதைப் பார்க்க. நேற்று போனில் அவரிடம், "எல்லாம் நானே என் கையால செஞ்சது சார்" என்று நீங்கள் அளந்தது சமையலறை வரை கேட்டது. ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பாராமல் ஷெட்டில் உட்கார்ந்து, பாய்லர் தகடுகளை ஒட்டிப் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். நீங்கள் செய்தது பெயிண்ட் டப்பாவைத் திறந்து கொடுத்தது. அதையும் கவிழ்த்தீர்கள்.

செய்தவரே ஓட்டிக் காட்டட்டும். நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

வீம்புக்குத் தீ மூட்டிவிடாதீர்கள். தண்ணீர் அளவு பார்க்கக்கூட உங்களுக்குத் தெரியாது. பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்பது பிள்ளைகள். அதனால் சேஃப்டி வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஓட்டை திறந்திருக்கும்வரை நீராவி அதன் வழியே வெளியே போய்விடும்; பாய்லர் வெடிக்காது, இன்ஜினும் நகராது.

பி.கு.: பிள்ளைகள் ஏமாந்து போகக் கூடாது. அவர் வந்ததும் எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "சார், இது என் பொண்டாட்டி செஞ்சது" என்று சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் வால்வோடு வந்து நிற்பேன்.

முணுமுணுத்தால் வர மாட்டேன்.