ஆண்டவருக்குக் கொடுத்த அறை

புதன்கிழமை, இரவு.

எழுத வேண்டியவை:
1. மீன்கார காசியம்மா கேட்டது.
2. அறைக்குள் யாரும் இல்லை.
3. அந்த அறையை நான் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் முன்பு ஜெபத்தில், "உன் படுக்கையறையை எனக்குக் கொடு" என்று அவர் கேட்டதாக உணர்ந்தேன். கட்டிலை விற்றேன். கூடத்தில் பாயில் படுக்கிறேன். முதுகு வலிக்கிறது, கீழ்ப்படிதல் என்று பொறுத்துக்கொள்கிறேன்.

இன்று காலை காசியம்மா கோவளத்திலிருந்து வந்து வாசலில் கூடையை இறக்கினாள்.

"உள்ள யாரு சார் கீறாங்க? கதவத் தட்டிகினே கீறாங்களே."

"யாரும் இல்லம்மா. பின்னாடி ஏரிக் காத்து."

"காத்து இன்னா சார், மூணு மூணா எண்ணித் தட்டுமா? பாவம், தொறந்து வுடு சார்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதன் பிறகு நானும் கேட்டேன். மூன்று தட்டல்கள், சிறிது இடைவெளி, மறுபடி மூன்று. கோபமோ அவசரமோ அதில் இல்லை. அறையின் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டவன் நான்தான். கொடுத்த அன்றைக்கே, பயத்தில் போட்டேன். இதுவரை எடுக்கவில்லை.

இப்போதும் தட்டல் கேட்கிறது. எழுந்து திறக்க வேண்டும், எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. கேட்டவரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டதைத்தான், கொடுத்தேன் என்று எழுதிவிட்டேன்.