இடது கன்னம்

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல், நீ வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அனுப்புகிறேன். போன வாரம் உனக்கு அனுப்பிய செய்திக்கு மாப்பிள்ளைதான் பதில் போட்டிருந்தார். அதனால்தான்.

ஸ்டுடியோவில் பள்ளிக்கூட அடையாள அட்டை வேலை வந்திருக்கிறது, உட்கார நேரமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து நெட்டில் போடும் வீடியோ வந்துவிட்டால் வலியெல்லாம் பறந்துவிடும். மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "பாருங்க, ரெண்டு பேரும் கண்ணு படுற மாதிரி இருக்காங்க" என்று காட்டுகிறாள். நானும் தலையாட்டி வைக்கிறேன்.

வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு பெண், ரியல் லைஃபிலும் இப்படித்தானா என்று உன்னைக் கேட்டிருந்தாள். ரியல் லைஃபில் இதைவிட சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். அடுத்த வீடியோவில் யாரும் கேட்கவே இல்லை, நீயாகவே ரியல் லைஃப் என்று ஆரம்பித்தாய். அதற்கடுத்ததிலும் அதே பேச்சு. நானும் உன் அம்மாவும் இத்தனை வருஷமாக எலியும் பூனையுமாகத்தான் குடும்பம் நடத்துகிறோம். நாங்கள் நிஜமாகவே நன்றாக இருக்கிறோம் என்று ஒருவரிடமும் சொல்லத் தோன்றியதில்லை. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் வீடியோவை நிறுத்திவிட்டு உன் முகத்தையே பார்க்கிறேன்.

இன்னொன்று. சின்ன வயதிலிருந்தே கேமராவைக் கண்டால் இடது கன்னத்தைக் காட்டித்தான் நிற்பாய். அப்படிப் பழக்கியவனே நான்தான். கல்யாணத்தன்றுகூட அதற்காக மாப்பிள்ளையை இடம் மாற்றி நிற்கவைத்தாய். இப்போது கொஞ்ச நாளாக வலது பக்கம் மட்டுமே தெரிகிறது. இடது பக்கம் முடியை இழுத்து விட்டிருக்கிறாய். படத்தில் முகத்தை வழவழப்பாக்குவதுதான் என் பிழைப்பு. என் கண்ணுக்கே மறைக்கப் பார்க்கிறாயே அம்மா.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் தாங்கமாட்டாள். எனக்கே இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நாமே பிடிவாதம் பிடித்துத் தேடிக்கொண்ட வாழ்க்கை, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவது என்று யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். எந்த முகமானாலும் அது நான் தூக்கி வளர்த்த முகம். அப்படியே வா. தனியாகக் கிளம்ப முடியாவிட்டால் கடை முதலாளியம்மாவின் போனிலிருந்து கூப்பிடு, ஒரு வார்த்தை போதும், நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அறையில் ஸ்டுடியோ விளக்குகளைப் போட்டு வைத்திருந்தேன். நேற்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. நிஜமாகவே.

கேமராவை மூடிவைத்துவிட்டு
உன் வழி பார்த்திருக்கும்,
அப்பா